சிவப்புப் பொத்தான் யாரிடம்?

தொப்பிக்குள் கை விடும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

பழைய கம்பளித் தொப்பி அது. உள்ளே மூன்று சட்டைப் பொத்தான்கள் கிடக்கும். இரண்டு கறுப்பு, ஒன்று சிவப்பு. பயிற்சி தொடங்குமுன் மூன்று பேரும் ஆளுக்கொன்றை எடுத்து, உள்ளங்கைக்குள்ளேயே பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். யாருக்கு எது வந்தது என்பது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது. சிவப்பு வந்தவர் அன்றைய பயிற்சியின் நடுவே, தனக்குத் தோன்றும் நேரத்தில், 'திரும்பு' என்று சொல்ல வேண்டும். சொன்ன மாத்திரத்தில் மற்ற இருவரும் திரும்பிவிட வேண்டும். கடைசிப் படியாக இருந்தாலும் சரி, ஏன் எதற்கு என்று வாயைத் திறக்கக்கூடாது.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் எட்டு சார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஏழாயிரம் மீட்டருக்கு மேல் இரண்டு தடவை ஏறியவர். முதல் தடவை இடது கையில் இரண்டு விரல்களின் நுனியைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மிச்சம் முழுசாக இருப்பது எட்டு விரல்தான் என்று அவரே தனக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார். அந்தக் கையாலேயே கடுகு அளவு திருகாணியைக் கண்ணாடிச் சட்டத்தில் முடுக்குவார். முதன்முதலாகக் கடைக்கு வருகிறவர்கள் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள்.

"மலையில ஆளைக் கொல்றது உயரம் இல்லம்மா. 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தானே'ங்கிற நினைப்பு. அந்த நேரத்துல ஒருத்தர் திரும்புன்னு சொன்னா, காதுல விழறதுக்கு முன்னாடி கால் திரும்பிடணும். அதுக்குத்தான் இந்தப் பழக்கம்" என்றார் முதல் நாளே.

மூவரில் அவள் ஒருத்தி. அவளுடைய தம்பி இன்னொருவன், மூன்றாவது எட்டு சார். அடுத்த மாதம் மூன்று பேரும் ஒரே கயிற்றில் தங்களைக் கட்டிக்கொண்டு, பெயர் சொன்னாலே அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும் ஒரு சிகரத்தில் ஏறப் போகிறார்கள்.

உடம்பு தயாராகிவிட்டது. அதில் சந்தேகமில்லை. முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில்களையும் உடைந்த தரை ஓடுகளையும் அடைத்துக்கொண்டு, குடியிருக்கும் அடுக்குமாடியின் படிக்கட்டில் மாதக்கணக்காக ஏறி இறங்குகிறாள். தினமும் எதிரே வரும் மேல்வீட்டு அம்மாள், "லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்பாள். இவளுக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்காது. தலையை மட்டும் ஆட்டுவாள். கடைசியில் அந்த அம்மாள் லிஃப்ட் கம்பெனிக்கே போன் செய்து சண்டை போட்டுவிட்டாள். நாற்காலி மேல் நின்றால் தலை சுற்றுகிற அவளுடைய கணவர், "நீ மலை ஏறறதுக்குள்ள இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் பைத்தியம் பிடிச்சிரும்" என்றார்.

மனசுதான் தயாராகவில்லை. அதற்குக் காரணம் அவள் பார்க்கும் வேலை.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு உதவியாக நிற்பவள் அவள். நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பிழைப்பு. தொண்ணூற்றெட்டு என்றால் நிம்மதி. தொண்ணூறுக்குக் கீழே போனால் கருவி கத்தும். கருவி கத்துமுன்பே அவள் கை நீளும். அப்படிப்பட்டவளிடம் எட்டு சார், மேல் முகாமில் எழுபது காட்டினால் நல்ல நாள் என்று சாதாரணமாகச் சொன்னார். அன்றிலிருந்து கண்ணை மூடினால் எழுபது என்ற எண் தெரிந்தது. அந்த எண்ணுக்குக் கீழே தம்பியின் முகம் தெரிந்தது.

எட்டு சார் மனப்பயிற்சி என்று ஒன்றும் வைத்திருந்தார். கண்ணை மூடி உட்கார்ந்து, மலையில் என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க வேண்டும். அது நடந்தால் கை என்ன செய்யும் என்றும் நினைக்க வேண்டும். தம்பி பாதியில் தூங்கிப்போவான். அவளுக்கோ இந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு. அவள் கற்பனையில் செத்த மாதிரி ஒரு மலையேறும் கூட்டம் எங்கும் செத்திருக்காது.

இதனால்தான் தப்பு நடந்தது. கறுப்புப் பொத்தானை வைத்துக்கொண்டே இரண்டு தடவை 'திரும்பு' என்று சொல்லிவிட்டாள். ஒரு தடவை, படியில் தம்பியின் முழங்கால் மளுக்கென்று சத்தம் போட்டபோது. இன்னொரு தடவை, பாறைப் பயிற்சியில் காற்று கொஞ்சம் வேகமாக வீசியபோது. இரண்டு தடவையும் மறுபேச்சில்லாமல் திரும்பினார்கள். ஆனால் அப்புறம் டீ குடிக்கும் இடத்தில் பொத்தான்களை மேஜை மேல் வைத்தபோது அவள் முன்னால் இருந்தது கறுப்பு.

"ஆபரேஷன் தியேட்டர் அலாரம் அடிச்சிருச்சு சார்" என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்கு அக்கா போய் அலாரம் ஆகிவிட்டாள். போனிலும் அந்தப் பெயரில்தான் அவள் எண்ணைப் பதிந்து வைத்திருந்தான்.

எட்டு சார் சிரிக்கவில்லை. டீயை ஆற்றியபடி, பயப்படுவது தப்பில்லை என்றார். ஆனால் மேலே வானம் திறந்து வழி கிடைப்பது ஒரே ஒரு நாள்தான், அதில் மூன்று பேருடைய உழைப்பும் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார். அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் சொன்ன விதம் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் பயத்தால் மற்ற இருவரின் மலையும் போய்விடும் என்று நினைக்கிறாரோ? தன்னைக் கழற்றிவிட்டு வேறு ஆளைச் சேர்ப்பாரோ? அன்றே மனதுக்குள் முடிவு செய்தாள். பையில் சிவப்பு இல்லாவிட்டால் வாயைத் திறப்பதில்லை.

கழன்றுகொள்ளவும் வழியில்லை. தம்பி மனைவி வீட்டிலிருந்தே சட்டை தைத்துக் கொடுப்பவள். அந்த மூன்று பொத்தான்களும் அவளுடைய டப்பாவிலிருந்து வந்தவைதான். நடக்கப் பழகும் பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பல்லால் நூலைக் கடித்தபடி ஒருநாள் சொன்னாள்: "நான் சொன்னா அவர் கேக்க மாட்டார் அண்ணி. உங்களை நம்பித்தான் அனுப்பறேன். கூட்டிட்டு வந்துருங்க." பெரிய வார்த்தை எதுவும் இல்லை. கடைக்கு அனுப்புகிற மாதிரிதான் சொன்னாள். அதுதான் கேட்டவளைத் தூங்கவிடவில்லை.

அன்று பயிற்சி குளிர்க் கிடங்கில்.

தம்பி அங்கேதான் மேற்பார்வையாளர். ஐஸ்கிரீம் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும் பெரிய கூடம். உள்ளே மைனஸ் இருபத்தைந்து. வார விடுமுறையில் முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தான். வாசலில் காவலாளியைத் தவிர ஈ காக்கை இல்லை.

எப்போதும் முதலில் வருகிற தம்பி அன்று தாமதமாக வந்தான். முகம் சிவந்திருந்தது. என்னடா என்று கேட்டதற்கு, குழந்தை சாப்பாட்டுக்கு அடம்பிடித்தது என்று ஏதோ சொல்லிவிட்டு, அவசர அவசரமாகப் பஞ்சு அடைத்த மேலங்கியை மாட்டிக்கொண்டான். எட்டு சார் உள்ளே எச்சரிக்கையாக இருக்கச் சொன்னபோது, "எனக்கு இது மாமியார் வீடு மாதிரி சார். தினம் போய்ட்டு வர்ற இடம்" என்றான். தினமும் சில நிமிஷம் போய்விட்டு ஓடி வருகிறவன் அவன். அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

தொப்பி நீண்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கை விட்டாள். கறுப்பு. அப்பாடா என்றிருந்தது, கூடவே பயமாகவும் இருந்தது.

கதவு பின்னால் மூடியபோது வெளியிலிருந்து வந்த சத்தம் எல்லாம் அறுந்தது. குளிர்காற்றைத் தள்ளும் விசிறிகளின் இரைச்சல் மட்டும். மூக்குக்குள் இருக்கும் மயிர்கூட விறைத்துக் குத்தியது. முகமூடி, பெரிய கண்ணாடி, தலையை மூடிய தொப்பி என்று மூன்று பேரும் ஒரே மாதிரி இருந்தார்கள். தியேட்டரில் முகத்தையும் எண்ணையும் பார்த்தே பழகியவளுக்கு இங்கே இரண்டும் இல்லை. கதவருகே, உள்ளிருந்து திறப்பதற்கான குமிழ் பச்சையாக மினுங்கியது. அதை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டாள்.

கயிற்றில் கட்டிக்கொண்டார்கள். அடியில் இரும்பு முள் மாட்டிய பூட்ஸோடு, தரையில் பரப்பியிருந்த மரத்தட்டுகளின் மேல் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். தடித்த கையுறையோடு முடிச்சு போட்டார்கள், அவிழ்த்தார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். புயலில் மாட்டிக்கொண்ட மாதிரி அசையாமல் உட்கார வேண்டும். சிவப்பு வைத்திருப்பவர் எப்போது சொல்கிறாரோ அப்போது எழுந்து வெளியே போகலாம். யாரும் சொல்லாவிட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லை என்பது எட்டு சாரின் கணக்கு.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கயிறு நடுங்கத் தொடங்கியது.

அவளுக்கும் தம்பிக்கும் நடுவே கிடந்த கயிறு. அவன் உடம்பு நடுங்குவது அதன் வழியாக அவள் இடுப்புக்கு வந்தது. குளிர்ந்தால் நடுங்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எட்டு சார் எதிரே கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். நடுக்கம் கூடியது. தம்பி ஏதாவது சொல்லிச் சிரிப்பான் என்று பார்த்தாள். வாய் மூடாதவன் வாயே திறக்கவில்லை.

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். சிவப்பு தன்னிடம் இல்லை. யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எட்டு சாரிடம் இருந்தால், அவர் எதிரேதானே உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தெரியாததா? மறுபடியும் அலாரம் என்ற பெயரெடுக்க வேண்டுமா?

அப்புறம் கயிறு நின்றது.

முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. சரி, உடம்பு பழகிவிட்டது போல என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் கயிற்றைக் கையால் பிடித்துப் பார்த்தாள். குளிரில் நடுங்குகிற உடம்பு இரண்டே காரணத்துக்காகத்தான் நிற்கும். ஒன்று, சூடு வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுங்கக்கூடத் தெம்பில்லாமல் போயிருக்க வேண்டும். இங்கே சூடு எங்கிருந்து வரும்?

"டேய், குளிருதா?"

பதில் வரவில்லை. விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டாள். கண்ணாடி போட்ட தலை மெல்லத் திரும்பியது.

"இல்லக்கா. இப்ப நல்லா இருக்கு."

வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. மயக்க மருந்து நரம்பில் ஏறும் நொடியில் அவளுடைய நோயாளிகள் இப்படித்தான் சொல்வார்கள். இதே குழைவான குரலில், நல்லா இருக்கு என்பார்கள். அடுத்த நொடி அவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள்.

எட்டு சாரைப் பார்த்தாள். அவர் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் எதற்கோ காத்திருந்தார்.

"திரும்பு" என்றாள். குரல் முகமூடிக்குள்ளேயே சுருண்டது. முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு மறுபடி சொன்னாள். "திரும்பு சார். திரும்புங்க."

எட்டு சார் சடக்கென்று எழுந்துவிட்டார். கேள்வி இல்லை. தம்பிதான் எழவில்லை. எழுந்திருடா என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். இரு என்பது போலக் கையைக் காட்டிவிட்டு, அவன் கையுறையைக் கழற்றினான். வெறுங்கையைப் பைக்குள் விட்டுத் துழாவி எதையோ எடுத்து, அவள் முன்னால் நீட்டினான்.

உள்ளங்கையில் சிவப்புப் பொத்தான்.

"யார் சட்டையிலேர்ந்தோ விழுந்திருக்கு" என்றான், குழந்தையின் கையிலிருந்து வாங்கிப் பார்ப்பவன் மாதிரி அதை உற்றுப் பார்த்தபடி. "உன்னோடதாக்கா?"

எட்டு சாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது வார்த்தை இல்லை. குனிந்து தம்பியின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். மறுபக்கம் அவள் பிடித்தாள். பூட்ஸ் முள் மரத்தட்டில் குத்திக்கொண்டு வரமாட்டேன் என்றது. கயிறு கால்களில் சுற்றிக்கொண்டது. ஒரு வீட்டுக் கூடத்தைக் கடக்கும் தூரம்தான். மலை தாண்டிய மாதிரி இருந்தது. கதவருகே வந்து பச்சைக் குமிழை உள்ளங்கையால் அழுத்தினாள். அது அசையவில்லை. சுற்றிலும் உறைபனி பிடித்திருந்தது.

அந்தக் குமிழுக்கு ஒரு சூட்சுமம் உண்டு என்று தம்பி எப்போதோ சொல்லியிருந்தான். எந்தப் பக்கம் தட்ட வேண்டும், எப்படித் தட்ட வேண்டும் என்பது அவனுக்குத்தான் தெரியும். "எப்படிடா திறக்கிறது? சொல்லுடா" என்று அவன் முகத்துக்கு நேராகக் கத்தினாள். அவன் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. இடுப்பில் தொங்கிய பனிக்கோடாலியை எடுத்து அதன் அடிப்பாகத்தால் குமிழின் மேல் ஒரு போடு போட்டாள். இன்னொரு போடு. மூன்றாவதில் உறைபனி சிதறி, கதவு முனகிக்கொண்டு திறந்தது.

அலுவலக அறையில் மேலங்கியைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. உள்ளே பருத்திப் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்து, முதுகோடு ஒட்டிக் கிடந்தது. காலையில் அவன் படிப் பயிற்சியைத் தவறவிட்டிருக்கிறான். மற்ற இருவருக்கும் பின்தங்கிவிடக் கூடாதே என்று, கிளம்பும் நேரத்தில், வயிற்றில் ஒன்றும் போடாமல் சுமையோடு மாடி முழுக்க ஏறி இறங்கி, வியர்வை காயாமல் அப்படியே வந்து உறைகுளிரில் உட்கார்ந்திருக்கிறான். மலையேறுகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம், ஈரத் துணியோடு குளிருக்குள் போகாதே என்பது. அதை அவனே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறான்.

ஈரத்தைக் கழற்றிப் போர்வைகளால் சுற்றினார்கள். எட்டு சார் அவன் கையைத் தேய்க்கப் போனார். தேய்க்கக் கூடாது என்று அவள் தடுத்தாள். வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்தாள். ஆக்சிஜன் பார்க்கும் சின்னக் கருவியை அவன் விரலில் மாட்டினாள். எண் வரவில்லை. விரல் அவ்வளவு குளிர்ந்திருந்தால் வராது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்த வெற்றுக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தைப்போல ஒரு நேரம் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை. தம்பி மனைவி நூலைக் கடித்தபடி சொன்னது காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கூட்டிட்டு வந்துருங்க.

கயிறு இல்லாமலே அவன் உடம்பு மறுபடி நடுங்கத் தொடங்கியது. பல் கடகடவென்று அடித்தது. அதைக் கேட்டதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கருவியில் எண் வந்தது.

எட்டு சார் தன் நுனியில்லாத விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் தோணுச்சும்மா. ரொம்ப நேரமாத் தோணுச்சு. உன்கிட்டயோ அவன்கிட்டயோ சிவப்பு இருக்கும், அவங்க சொல்லட்டும்னு உக்காந்திருந்தேன்."

அவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் சிவப்புக்காகக் காத்திருந்தார்கள். மாதக்கணக்கான பயிற்சி அவர்களுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, மூவரையும் நிற்க வைத்துத் திட்டி, சாயங்காலம் அனுப்பினார். வீட்டு வாசலில் தம்பி அவள் கையைப் பிடித்தான். "அவகிட்டச் சொல்லிடாதக்கா. போக விடமாட்டா."

அவள் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள். மெஷின் எப்போதோ நின்றிருந்தது. தம்பி மனைவி அழவில்லை. கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எல்லாருக்கும் வாய் இருக்கு. அப்புறம் ஏன் அண்ணி ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு?" என்று கேட்டாள்.

தம்பி மனைவி எழுந்து போய் டப்பாவைக் கொண்டுவந்து, கட்டிலில் கவிழ்த்தாள். குழந்தை பொத்தான்களை அள்ளப் பார்த்தது. அதன் கையைத் தள்ளிவிட்டுத் தேடித் தேடி எடுத்து, அண்ணியின் கையில் இரண்டு சிவப்புப் பொத்தான்களை வைத்தாள். போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. மறுபடி மெஷினில் உட்கார்ந்து, அன்று முழுக்கக் கணவனோடு பேசாமல் தைத்தாள்.

உடம்பு தேறியதும் மறுபடி கிடங்குக்கு வந்தார்கள். எட்டு சார் முதலில் தம்பியின் மேலங்கியைத் திறந்து, பனியனைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன்னுடையதைத் திறந்து காட்டினார். குமிழைச் சுற்றியிருந்த பனியைச் சுரண்டி, மூன்று பேரும் மாறி மாறி அழுத்திப் பழகினார்கள். தொப்பி வந்தது. மூன்றும் சிவப்பு என்று தெரிந்தும் அவள் கை விட்டு எடுத்து, விரித்துப் பார்த்தாள்.

கதவு மூடியது. அதே இரைச்சல், அதே குளிர், அதே பச்சைக் குமிழ். பயமும் இருந்தது. எதுவும் குறையவில்லை, போன தடவையைவிடக் கூடத்தான் இருந்தது. முகமூடிக்குள், தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அந்த வார்த்தையை மெல்ல ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

முன்னால் நடந்துகொண்டிருந்த தம்பி கதவை நோக்கித் திரும்பிவிட்டான். எட்டு சாரும் திரும்பியிருந்தார்.

"சொன்னியாக்கா?"

"இல்லடா" என்றாள். "வாயில இருக்கான்னு பார்த்தேன்."